கஜானா சாவி யார் கையில்?

சென்ற வாரம் வர்ஜீனியாவில் கரையேறிய ஆங்கிலேயரைப் புகையிலைத் தோட்டங்களில் விட்டுவிட்டு வந்தோம். 1619 ஜூலை 30 அன்று அவர்களுடைய பிரதிநிதிகள் 22 பேர் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் கூடினார்கள். அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயர் கூட்டிய முதல் சட்டசபை அது. அடுத்த மாதமே அதே குடியேற்றத்தின் கரையில் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைப்போம்.

பல குடியேற்றங்களில் ஆளுநரை அனுப்புவது லண்டன். அவருக்குச் சம்பளம் கொடுப்பது உள்ளூர் சபை. 1728-இல் மாசசூசெட்ஸுக்கு வந்த ஆளுநர் பர்னெட், தன் சம்பளத்தை நிரந்தரமாக ஒதுக்க வேண்டும் என்ற அரச கட்டளையோடு வந்தார். அவ்வப்போது தருகிறோம், நிரந்தரம் என்ற பேச்சே வேண்டாம் என்று சபை சொல்லிவிட்டது. மறு ஆண்டு பர்னெட் இறந்தே போனார். கட்டளை கட்டளையாகவே கிடந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். புதுக்கோட்டை சமஸ்தானம் ஆங்கிலேயருக்குக் கப்பம் கட்டாத சமஸ்தானம். சொந்தமாக அம்மன் காசு அடித்துக்கொண்டது. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மைசூரைப் பார்த்து 1902-இல் பிரதிநிதி சபை ஒன்றையும் அமைத்தார். உறுப்பினர்கள் குறைகளைச் சொல்லலாம், விண்ணப்பம் வைக்கலாம்; முடிவெடுப்பது தர்பார். 1907-இல் 30 இடங்களில் 18 தேர்தலுக்கு வந்தன. 1913-இல் அந்தப் பதினெட்டும் 13 ஆகச் சுருங்கியது!

இதே போன்ற வெட்டு 1774-இல் மாசசூசெட்ஸிலும் விழுந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த மேலவையை இனி மன்னரே நியமிப்பார் என்று லண்டன் சட்டம் போட்டது. மறு ஏப்ரலில் லெக்சிங்டனில் அமெரிக்க விடுதலைப் போரின் முதல் துப்பாக்கி வெடித்தது. நம்மவர்களுக்கு ரோஷம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமான கேள்வியாகப் படவில்லை. மாசசூசெட்ஸ்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பணப்பையைப் பிடித்துப் பழகியவர்கள். பறிபோனது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். திவானின் சம்பளத்தில் கைவைக்கும் உரிமை நம்மவர்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

1924-இல் சட்டசபை வந்தது. 50 பேரில் 35 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எண்ணிக்கை அழகுதான். ஆனால் கடைசிச் சொல் அப்போதும் தர்பாருடையது.

பேச்சாளர்களுக்கா இந்தச் சீமையில் பஞ்சம்? திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி சென்னை சட்டசபையிலும், பின்பு டில்லி மத்திய சட்டசபையிலும் கேள்வி கேட்டே வெள்ளை அதிகாரிகளைத் திணறடித்தார். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவரானார். வாதாடி வெல்ல இருவருக்கும் மேடை கிடைத்தது சமஸ்தான எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மாகாணத்தில் என்பது வேடிக்கைதான்.

1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. முதல் பொதுத்தேர்தலில் வயதுவந்த எல்லோரும் வாக்களித்து, முத்துசாமி வல்லத்தரசை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அரசாங்கத்தின் வரவு செலவுக்கு ஒப்புதல் கொடுக்கும் சபையில் புதுக்கோட்டைக்காரர்களின் வாக்கால் ஒருவர் உட்கார்ந்தது அப்போதுதான்.

அடுத்த வாரம், 1765-இன் முத்திரைத்தாள் வரி.