67% 'ஹேர்கட்' என்றால் ட்ரிம்மா, மொட்டையா? வங்கிகளின் செல்ல வார்த்தையும் திருப்பதி கணக்கும்

திருமலையில் முடி காணிக்கை கொடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று முழு மொட்டை, தெலுங்கில் 'குண்டு'. இன்னொன்று 'மூடு கத்தெரலு', அதாவது நுனியில் மூன்று கத்தரிப்பு. மொட்டை வேண்டாம் என்று நினைக்கும் பெண்கள் பலர் இதைத்தான் தேர்வு செய்கிறார்கள். முடி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பிசினஸ் செய்திகளில் 'ஹேர்கட்' என்று படிக்கும்போது நம் மனதில் வருவதும் இந்த மூன்று கத்தரிப்புதான். "வங்கிகளுக்கு 67% ஹேர்கட்" என்று தலைப்பு வந்தால், ஏதோ கொஞ்சம் ட்ரிம் பண்ணியிருக்கிறார்கள் போல என்று ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போய்விடுவோம். அந்தச் செய்தி உண்மையில் சொல்வது இதுதான்: 100 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 33 ரூபாய் வந்தது.

சரி, ஹேர்கட் என்றால் என்ன?

அர்த்தம் இரண்டு. பழைய அர்த்தத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை. 10 லட்ச ரூபாய் மதிப்புள்ள நகையோடு சித்தூரில் ஒரு வங்கிக் கிளைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடனாக அதிகபட்சம் 7.5 லட்சம்தான் கிடைக்கும். நாளைக்குத் தங்கம் விலை இறங்கினாலும் தன் பணம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வங்கி கழித்துக்கொள்ளும் அந்த 25 சதவீதம்தான் ஹேர்கட். (2.5 லட்சம் வரையிலான சின்னக் கடன்களுக்கு நகை மதிப்பில் 85% வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதியைத் தளர்த்தியது. அங்கே ஹேர்கட் 15%.) அமெரிக்கப் பங்குத் தரகர்கள் இந்த அர்த்தத்தில்தான் இதைப் பேசினார்கள். தரகு நிறுவனங்கள் கையில் எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பங்குச்சந்தை ஆணையம் 1975-ல் கொண்டுவந்த விதியில், பத்திரங்களின் மதிப்பில் கழிக்க வேண்டிய சதவீதத்துக்கு இதுதான் பெயர்.

இரண்டாவது அர்த்தம் வலிக்கும். கடன் வாங்கியவரால் திருப்பித் தர முடியவில்லை. கொடுத்தவர் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார். 2012-ல் கிரீஸ் அரசின் கடன் பத்திரங்களை வைத்திருந்த தனியார் முதலீட்டாளர்கள் முகமதிப்பில் 53.5 சதவீதத்தை இழந்தபோது இந்த வார்த்தை உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடமே சைப்ரஸில் வங்கி டெபாசிட்தாரர்கள் தலையிலும் கத்தி விழுந்தது.

இந்தியாவில் இதைத் தினசரிப் பேச்சாக ஆக்கியது 2016-ல் வந்த திவால் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் தீர்வு கண்ட நிறுவனங்களில், கடன் கொடுத்தவர்களுக்குத் திரும்பி வந்தது அவர்கள் கோரிய தொகையில் சுமார் 33 சதவீதம்தான். இது 2025 மார்ச் வரையிலான திவால் வாரியத்தின் கணக்கு. வாரியம் இன்னொரு எண்ணையும் பக்கத்திலேயே வைக்கிறது: சொத்துகளை அப்படியே கலைத்து விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிட இது சுமார் 1.7 மடங்கு. அதுவும் நியாயமான வாதம்தான். நிறுவனம் தீர்ப்பாயத்துக்கு வந்து சேரும் நேரத்தில் பாதி முடி ஏற்கெனவே கொட்டிப் போயிருக்கும்.

தீர்ப்பாயமே கேட்ட கேள்வி

2021 ஜூனில் வீடியோகான் வழக்கு. சுமார் 64,800 கோடி ரூபாய் கடன் கோரிக்கைகளுக்கு வேதாந்தா குழும நிறுவனம் கொடுக்க முன்வந்தது 2,962 கோடி. சரக்கும் சேவையும் கொடுத்த சிறு நிறுவனங்களுக்கு 100 ரூபாய்க்கு 72 பைசா. திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்த மும்பை தீர்ப்பாயமே, இது ஹேர்கட்டா, மொட்டையா என்ற தொனியில் உத்தரவில் எழுதியது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 ஜனவரியில் அந்தத் திட்டத்தை ரத்து செய்து, கடன் கொடுத்தவர்கள் குழுவுக்கே திருப்பி அனுப்பியது.

மொட்டை என்ற வார்த்தை அங்கே வந்து விழுந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பண நஷ்டத்தைப் பேச நம்மிடம் இருக்கும் வார்த்தைகளில் பாதி திருப்பதி மலையில் இருந்துதான் இறங்கி வந்திருக்கின்றன. "மொட்டை அடிச்சிட்டான்", "பட்டை நாமம் போட்டுட்டான்", "போட்ட காசு கோவிந்தா". தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் சித்தூர் பக்கம் கேட்டால் 'பங்கநாமம்' என்ற தெலுங்கு வடிவமும் கிடைக்கும், அர்த்தம் அதேதான்.

இலக்கணத்தைக் கவனியுங்கள். தமிழில் 'அடிச்சிட்டான்', 'போட்டுட்டான்' என்று ஒரு ஆள் இருக்கிறான். செய்தவன் வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்கிறான். ஆங்கிலத்தில் கடன் கொடுத்தவரே ஹேர்கட் 'எடுத்துக்கொண்டார்' என்பார்கள். அவராகவே சலூனுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. இத்தனைக்கும் ஆட்டு ரோமத்தை வழிப்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கே ஏமாற்றிப் பறிப்பது என்ற அர்த்தம் பல நூற்றாண்டுகளாக உண்டு. நிதித்துறை அந்தச் சொல்லை விட்டுவிட்டு, முடி திரும்ப வளரும் சொல்லைப் பிடித்துக்கொண்டது.

ஹேர்கட் கேட்காத கடன்காரர்

திருப்பதி கதையின் மையமே ஒரு கடன். பத்மாவதியுடனான கல்யாணத்துக்காக ஸ்ரீநிவாசர் குபேரனிடம் கடன் வாங்கினார், அதற்கு இன்றும் வட்டி கட்டிவருகிறார், உண்டியலில் விழும் காசு அதற்குத்தான் என்பது பக்தர்கள் நம்பிக்கை. 'வட்டிகாசுலவாடு' என்று தெலுங்கில் அவருக்கு ஒரு பெயரே உண்டு. கடன் மறுசீரமைப்பு என்ற பேச்சே அந்தக் கதையில் இல்லை.

தேவஸ்தானத்தின் நிஜக் கணக்கில் வட்டி எதிர்த்திசையில் ஓடுகிறது. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் முடி விற்பனை வருமானம் 176.5 கோடி ரூபாய். வங்கி டெபாசிட்டுகளின் வட்டி சுமார் 1,310 கோடி, ஏழு மடங்குக்கும் மேல். உண்டியலுக்கு அடுத்த பெரிய வருமானம் அதுதான். அதனால் வங்கி ஒன்று தடுமாறினால் திருப்பதிக்கு அது பெரிய விஷயம்.

கிட்டத்தட்ட அப்படி ஒன்று நடந்தது. 2020 மார்ச் 5 அன்று யெஸ் வங்கியில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் தேவஸ்தானம் அங்கிருந்த 1,300 கோடி ரூபாயை எடுத்திருந்தது. பூரி ஜெகந்நாதர் கோயிலின் 545 கோடி ரூபாய் டெபாசிட் உள்ளேயே மாட்டிக்கொண்டது. தடை மார்ச் 18-ல் நீங்கியது. டெபாசிட்தாரர் யாருக்கும் ஹேர்கட் இல்லை.

அப்படியானால் மொட்டை யாருக்கு? அந்த வங்கியின் 'ஏடி-1' பத்திரங்களை வாங்கியவர்களுக்கு. சுமார் 8,400 கோடி ரூபாய், 100% அழிப்பு. இவற்றைச் சாதாரண வாடிக்கையாளர்களிடம் 'சூப்பர் எஃப்டி' என்ற பெயரில் விற்றதாக செபி 2021 உத்தரவில் சொன்னது (வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது). அழித்தது செல்லாது என்று பாம்பே உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளிக்க, விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஹேர்கட், சூப்பர் எஃப்டி: இரண்டுமே கேட்க எவ்வளவு இதமாக இருக்கின்றன பாருங்கள்.

உங்கள் தலை வரிசையில் எங்கே?

1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள்ளலாம். 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தபோது டெபாசிட் முழுசாகப் பிழைத்தது. 318 கோடி ரூபாய் மதிப்புள்ள கடன் பத்திரங்கள் அழிக்கப்பட்டன. பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பூஜ்ஜியம். வங்கி ஒன்றுதான், எந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். மொபைல் ஆப்பில் 11% வட்டி என்று ஒரு பாண்டு வந்தால், அது பிணையுள்ளதா, முன்னுரிமை வரிசையில் எத்தனையாவது என்ற இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எஃப்டியில் இருந்தால்? வங்கியே விழுந்தாலும் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு அது 1 லட்சம். கணக்கு கிளைக்கு இல்லை, வங்கிக்கு. திருப்பதி கிளையில் 4 லட்சம், சித்தூர் கிளையில் 4 லட்சம் என்று ஒரே வங்கியில் உங்கள் பெயரில் பிரித்துப் போட்டிருந்தாலும், காப்பீடு தருவது மொத்தமே 5 லட்சம்தான்.