ஆறில் ஒரு பங்கு: வீட்டு வாடகை வரியின் பழைய கதை

சற்று நீளமான பதிவு. மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் மட்டுமாவது பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

எங்கள் மல்லாங்கிணற்றில் வாடகை வீடு என்பது பெரும் பணக்காரர் சமாச்சாரம் இல்லை. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மேலே இரண்டு அறை கட்டி, விருதுநகருக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு விடுகிறோம். ஓய்வூதியர் கூடும் இடத்தில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "இதுக்கெல்லாமா சார் வரி?" என்பது ஒன்று. "வெள்ளையடிச்ச பில்லு, மோட்டார் மாத்துன பில்லு எல்லாம் வச்சிருக்கேன், கழிக்கலாமா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் வரலாற்றில் இருக்கிறது.

1857 எழுச்சியைப் பாடம் நடத்தும்போது விக்டோரியா மகாராணியின் அறிக்கையோடு மூடிவிடுவோம். அதை அடக்க ஆன செலவை யார் கட்டினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. கஜானா காலி, கடன் மலைபோல. இதைச் சரிக்கட்ட லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை நிதிப் பொறுப்புக்கு அனுப்பினார்கள். தொப்பி வியாபாரத்தில் தொடங்கி, 1843-இல் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையை நிறுவிய மனிதர். அவர் கொண்டுவந்ததுதான் இந்தியாவின் முதல் வருமான வரி. 1860 ஜூலை 24-இல் சட்டமானது. இன்றும் அந்த நாளைத்தான் வருமான வரி நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் கீழே இருந்தால் விலக்கு. 200 முதல் 500 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். வரிக்குரிய வருமானத்தை நான்கு அட்டவணைகளாகப் பிரித்தார்கள். நிலம், வீடு இவற்றின் வருமானம்தான் முதல் அட்டவணை! தொழில், கடன் பத்திரம், சம்பளம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதற்கு நம் சென்னையிலிருந்துதான் பலத்த எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர் கவர்னரே. சர் சார்லஸ் ட்ரெவெல்யன், மெக்காலேயின் தங்கை கணவர். படைச் செலவைக் குறையுங்கள், பழக்கமில்லாத நேரடி வரியை இந்த மக்கள் மேல் சுமத்தாதீர்கள் என்பது அவர் கட்சி. கோப்பில் எழுதியதோடு நிற்காமல் அதைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். 1860-லேயே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அதே ஆகஸ்டில் வில்சன் கல்கத்தாவில் நோயில் இறந்துபோனார். வேடிக்கை என்னவென்றால், 1862-இல் அந்த ட்ரெவெல்யனையே இந்தியாவின் நிதிப் பொறுப்புக்கு நியமித்தார்கள். அவர் காலத்தில் வரி விகிதம் குறைந்தது. 1865-இல் சட்டம் காலாவதியாக, அப்படியே விட்டுவிட்டார்கள். பிறகு வேறு வேறு பெயர்களில் வருவதும் போவதுமாக இருந்து, 1886-இல்தான் வருமான வரி நிலையாக உட்கார்ந்தது.

நம் கதைக்கு முக்கியமானது இந்த 1886 சட்டம்தான். விவசாய வருமானத்துக்கு விலக்குக் கொடுத்தது. வீட்டை விடவில்லை. சொந்தக்காரரே குடியிருக்கும் கட்டடத்தைக்கூட வருமானமாக எண்ணியது. அதை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்று மதித்து, அதில் ஆறில் ஐந்து பங்குக்கு வரி போட்டது. மீதி ஒரு பங்கு? ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்திய எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். வீடு என்றால் ஓடு மாற்ற வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஆளனுப்பி ரசீது பார்க்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. ஆகவே செலவு செய்தாயா இல்லையா என்று கேட்காமல் ஒரு பங்கைக் கழித்துவிடுவது என்று வைத்தார்கள் என்பது என் கருத்து.

1922 சட்டம் இதை விரிவாக்கியது. பழுதுபார்ப்புக்கு ஆறில் ஒரு பங்கு, அதோடு காப்பீட்டுத் தொகை, அடமான வட்டி, நிலவரி, வாடகை வசூல் செலவு, வீடு பூட்டிக் கிடந்த மாதங்களுக்குக் கழிவு என்று ஒரு பட்டியலே இருந்தது. சுதந்திர இந்தியாவின் 1961 சட்டமும் ஏறக்குறைய அதே பட்டியலை எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளில் ஆறில் ஒன்று நான்கில் ஒன்றாக உயர்ந்தது. 2001-இல் யஷ்வந்த் சின்கா பட்டியலை அடித்துவிட்டு இரண்டே இரண்டை வைத்தார்: 30 சதவீதக் கழிவு, வீட்டுக் கடன் வட்டி. 2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் 2025-ஆம் ஆண்டு சட்டத்திலும் அதே 30 சதவீதம்தான்.

கணக்காகப் பார்ப்போம். மாதம் 6,000 என்றால் ஆண்டுக்கு 72,000. நீங்கள் அந்த ஆண்டில் கையிலிருந்து கட்டிய வீட்டு வரி 2,000 போனால் 70,000. அதில் 30 சதவீதம் 21,000. மீதி 49,000. அந்த வீட்டுக்குக் கடன் வட்டி 30,000 கட்டியிருந்தால் வருமானம் வெறும் 19,000. வெள்ளையடித்த பில், மோட்டார் பில் எல்லாம் அந்த 21,000-க்குள் அடக்கம். ஒரு பைசா செலவு செய்யாதவருக்கும் அதே 21,000 உண்டு. ஐம்பதாயிரம் கொட்டி ஒழுகும் மாடியைச் சரிசெய்தவருக்கும் அவ்வளவுதான். பழைய வீட்டுக்காரருக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் பில்லைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இருப்பது சின்ன ஆளுக்கு லாபம்தான்.

அடுத்து 'ஆடிட்' என்ற பயம். வீட்டு வாடகைக்குக் கணக்குப் புத்தகமும் வேண்டாம், ஆடிட்டர் சான்றும் வேண்டாம். அது வியாபாரத்துக்கு உரியது. சொத்து வாங்கி வாடகைக்கு விடுவதையே தொழிலாக வைத்திருந்த ஒரு சென்னை நிறுவனத்தின் வழக்கில் (சென்னை ப்ராப்பர்ட்டீஸ், 2015), அந்த வாடகை வியாபார வருமானம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டி யாரும் உங்களைக் குழப்ப வேண்டாம். குடியிருக்க விட்ட வீட்டின் வாடகையை வீட்டுச் சொத்து வருமானமாகத்தான் காட்ட வேண்டும் என்று 2024-இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் நோட்டீஸ் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் குடியிருப்பவர் கொடுக்கும் தாளிலிருந்து. வீட்டு வாடகைப்படிக்கு வரிக் கழிவு கேட்கும் ஊழியர், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைத் தர வேண்டும். மதுரையில் பத்தாயிரத்துக்கு வீடு விட்டிருக்கிறீர்கள், உங்கள் கணக்கில் வாடகை என்ற வரியே இல்லை என்றால் கம்ப்யூட்டர் கேட்கத்தான் செய்யும். 2020-21 கணக்கில் இப்படி இரு பக்கமும் பொருந்தாத சிலரைத்தான் கேட்டோம், எல்லாரையும் கிளறவில்லை என்று 2024 ஏப்ரலில் நேரடி வரிகள் வாரியமே விளக்கம் கொடுத்தது. வருமானத்தை மறைத்தது உறுதியானால் அபராதம் அந்த வரியின் இரண்டு மடங்கு வரை போகும்.

இத்தனைக்கும், 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி வருவதில்லை. ஓய்வூதியமும் ஆறாயிரம் வாடகையும் உள்ள நம்மில் பலர், கட்ட வேண்டியிராத வரிக்குப் பயந்து வாடகையை மறைக்கிறோம். வரி இல்லை என்பது வேறு, கணக்குத் தாக்கல் செய்வது வேறு. 75 வயதைத் தாண்டியவர்களுக்குத் தாக்கலிலிருந்து விலக்கு உண்டு என்பதும் ஓய்வூதியமும் அதே வங்கி வட்டியும் மட்டும் உள்ளவர்களுக்குத்தான். வாடகை வந்தால் அந்த விலக்கு இல்லை.

நம் பக்கத்து வழக்கம் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, ஒத்தி. மூன்று லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுத்துவிட்டு, "வாடகையே வரலையே, எதைக் காட்ட?" என்பார்கள். 1886-இல் கேட்ட கேள்வியைத்தான் சட்டம் இன்றும் கேட்கிறது: விட்டால் நியாயமாக என்ன வாடகைக்குப் போகும்? கைக்கு வாடகை வராததால் கணக்கு மறைந்துவிடாது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் எண்பதுகளின் பிற்பகுதியில் இந்த மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள்; இப்போது இரண்டு வீடுகள் வரை அந்தச் சலுகை உண்டு. ஒத்திக்கு விட்ட வீட்டுக்கு அது பொருந்தாது.

இரண்டாவது, வீட்டை மனைவி பெயருக்கு எழுதி வைப்பது. பணம் வாங்காமல் எழுதிக் கொடுத்திருந்தால், வரிச் சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் இன்னும் சொந்தக்காரர். வாடகை அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் போனாலும் உங்கள் வருமானத்தில்தான் சேரும். அவர்கள் தம் சொந்தப் பணத்தில், சம்பளத்திலோ தாய்வீட்டுச் சீதனத்திலோ வாங்கிய வீடு என்றால் அது அவர்கள் கணக்கு.

பழைய ஆண்டுகளை விட்டுவிட்டவர்கள் கூடுதல் தொகை கட்டி 4 ஆண்டுகள் வரை திருத்திய கணக்குத் தாக்கல் செய்யலாம். ஆவணங்களோடு ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். வீட்டு வரி ரசீது, வங்கியின் வட்டிச் சான்று, வாடகை ஒப்பந்தம் இந்த மூன்றும் போதும்.

1946-லிருந்து சென்னை மாகாணத்தில் வந்த குடிக்கூலிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.