மெழுகுத் துணுக்கும் சோற்றுப் பொதியும்

1933 மார்ச்சில், இங்கிலாந்தின் வின்னிங்டன் ஆய்வுகூடத்தில் பாசெற், கிப்சன் என்னும் இருவர் எத்திலீன் வாயுவைப் பேரழுத்தத்தில் பென்சால்டிகைட்டுடன் சூடேற்றினர். எதிர்பார்த்தது கிட்டவில்லை, வெண்மெழுகு போன்றதொரு பொருள் எஞ்சியது. இரட்டைப் பிணைப்பு அவிழ்ந்த எத்திலீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்த நெடுஞ்சங்கிலியே அது: பொலித்தீன். போர்க்காலத்தில் ராடார் கம்பிகளுக்கு உறையாயிற்று. 1953இல் சீக்லர் குறைந்த அழுத்தத்திலேயே அதனை ஆக்க வழி கண்டார், மலிவு பெருகிற்று.

கல்முனைச் சாப்பாட்டுக் கடைகளில் வாழையிலையை ஒதுக்கியது இம்மலிவே. கூலியாளின் சோற்றுப் பொதியை ஈரங்கசியாது காத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. 2017 செப்டெம்பரில் அரசு 'லஞ்ச் சீற்'றைத் தடைசெய்தபோது, பழி முழுவதும் பொதி வாங்கியவன் தலையிலேயே விழுந்தது. ஆக்கி விற்று இலாபங் கண்டவனை எவர் கேட்டார்? முன்னமே வீசப்பட்ட சங்கிலிகளோ மண்ணின் நுண்ணுயிர்களுக்கு எளிதில் இரையாவதில்லை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் உண்டு எட்டாண்டுகளில் சுமார் 20 யானைகள் மாண்டதாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது.