புறவிளைவு

ஒரு தொழிலால் பிறருக்கு நேர்ந்து, அதன் பொருளின் விலையில் சேராமல் போகும் நன்மை தீமைகளைப் பொருளியலில் புறவிளைவு என்பர். தீமைக்கு ஈடான வரி போட்டால் போதும் என்றார் ஆர்தர் பிகு (1920). உரிமை யாருடையது என்பது தெளிவாகி, பேரம் பேசச் செலவும் இல்லையென்றால் இரு தரப்பும் தாமே தீர்த்துக்கொள்ளும் என்றார் ரொனால்டு கோஸ் (1960). பனியன் நகரான திருப்பூரின் அனுபவம் இவ்விரண்டையும் உரசிப் பார்க்கிறது. தொழிலுக்குப் புறம் எது என்பதை இயற்கை வகுப்பதில்லை. கணக்கும் சட்டமும் கோடு போட்டு வகுக்கின்றன.

பருத்தி பனியன் துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்ட வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு முழுவதும் கழிவுநீரில் இறங்கும். சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்தால் நிறம் குறையும், உப்பு குறையாது. ஏற்றுமதிக் கம்பெனி சாயப்பட்டறைக்கு ஜாப் ஒர்க் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசியது. அந்தக் கூலியில் உப்புநீருக்குக் கணக்கில்லை. நொய்யல் ஆற்றின் வழியே போன அந்த உப்புநீர், 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கிணறுகள் உவர்த்தன. 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென 2004இல் சூழல் இழப்புத் தடுப்பு ஆணையம் கணக்கிட்டது. கணக்கில் வராத செலவு அன்றுதான் எண்ணாக மாறியது. சட்டம் போட்ட கோடும் உண்டு: திருப்பூரை ஒட்டிய மண்ணரை 2011இல் மாநகராட்சியில் சேரும்வரை தனி ஊராட்சியாக இருந்தது. உள்ளாட்சி எல்லை பட்டறையையும் ஆற்றையும் வெவ்வேறு அலுவலகங்களின் பொறுப்பாகப் பிரித்தது. தண்ணீர் அந்தப் பிரிவினையை மதிக்கவில்லை.

கோஸ் சொன்னபடி பேசித் தீர்த்திருக்கலாமே என்பது முதல் மறுப்பு. எந்தப் பட்டறையின் உப்பு எந்தக் கிணற்றில் இறங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாதபோது யார் யாரோடு பேசுவது? விவசாயிகள் நீதிமன்றம் போனது அதனால்தான். பிகு சொன்ன வழியும் முயலப்பட்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. ஆனாலும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடும் உத்தரவு வந்தது. செய்யும் தப்பைவிட மலிவான அபராதம், அனுமதிச் சீட்டாகிவிடும்.

மூடியதால் வேலை போனது, சாயவேலை வேறு ஊர்களுக்குப் போனது என்பது இரண்டாம் மறுப்பு. உண்மைதான்; ஆனால் சுமை இடம் மாறியதையே அது காட்டுகிறது, சுமை இல்லை என்பதை அல்ல. சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் கொண்ட பூஜ்யக் கழிவு வெளியேற்ற நிலையங்கள் வந்தபின், தண்ணீரும் உப்பின் ஒரு பகுதியும் மறுபடி பட்டறைக்கே திரும்புகின்றன. அந்தச் செலவு சாயக்கூலியில் ஏறியது. மீட்க முடியாத கலப்பு உப்பு மட்டும் இன்னும் மூட்டைகளில் கிடக்கிறது. அதற்கான விலையைத் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் பகிராதவரை, கோடு பாதிதான் நகர்ந்திருக்கிறது.