நேட்டாலுக்குப் போனவர்

சுகர் லேண்டில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் காரில் போனால் ஓர் அருங்காட்சியகம். ஹூஸ்டன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் கிளை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது டைனோசர் பார்க்க மாதம் ஒருமுறையாவது போய்விடுவோம். அது முன்பு சிறைச்சாலையாக இருந்த கட்டடம் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்த பிறகும் பெரிதாக உறைக்கவில்லை.

2018 பிப்ரவரியில் உறைத்தது. அதே பகுதியில் பள்ளி மாவட்டம் ஒரு தொழிற்கல்விக் கூடம் கட்டுவதற்காகத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. தோண்டத் தோண்ட 95 பேர். பதினான்கு வயதுப் பையனிலிருந்து எழுபது வயதுக் கிழவர் வரை. ஒருவர் மட்டும் பெண். ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர். 1878இல் கன்னிங்ஹாம், எல்லிஸ் என்ற இரண்டு கரும்புத் தோட்ட முதலாளிகள் டெக்ஸாஸ் மாநிலத்தின் கைதிகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது பதின்மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் குத்தகை முறையில் கரும்பு வெட்டிச் செத்தவர்கள்தான் இந்த 95 பேரும். ரெஜினால்ட் மூர் என்ற முன்னாள் சிறைக்காவலர், இங்கே கைதிகளின் புதைகுழிகள் இருக்கும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2019 நவம்பரில் அவர்களை அதே இடத்தில் தனித்தனியாக மறுபடி அடக்கம் செய்தார்கள். அடுத்த வருடம் மூரும் இறந்துபோனார்.

எலும்பு கிடைத்தவுடன் எல்லோரும் பெயரைத் தேடத் தொடங்கியதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. சிறைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். மரபணு ஆய்வு வேண்டும் என்றார்கள். எங்கள் குடும்பத்திலும் கரும்பு வெட்டப் போய்க் காணாமல் போன ஒருவர் இருந்தார். எங்களிடம் இருந்தது நேர்மாறு. பெயர் இருந்தது, உடல் எங்கே என்று தெரியாது.

அவர் என் அப்பாவின் அப்பாவுக்குத் தாத்தா. வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா பக்கம் ஒரு சிற்றூர். 'நேட்டாலுக்குப் போனவர்' என்றுதான் வீட்டில் பேச்சு. அவரைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. தாத்தா காங்கிரஸ்காரர், அவர் கதையில் ஓட்டன், காந்தியோடு 1913 வேலைநிறுத்தத்தில் சிறைக்குப் போனவர். தெருப் பெண்கள் சொன்ன கதை வேறு: அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு, தோட்டம் துரவு வாங்கி, ஊரை மறந்துவிட்டார். இந்த இரண்டாவது கதையைத்தான் அவர் மனைவி, என் எள்ளுப்பாட்டி, காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். 1951இல் இறக்கும்வரை தாலியைக் கழற்றவில்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சுமங்கலியாகத்தான் எடுத்துப்போனார்கள். என் பெரிய அத்தைக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தக் கோலத்தை இன்றைக்கும் சொல்லுவார்.

தேடுவதற்கு வழி இருக்கிறது என்று தெரிந்ததே எனக்கு ஆச்சரியம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுக்கா, ஜில்லா, உயரம், உடலில் உள்ள அடையாளம். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். இதை ஆங்கிலேயர்கள் கணக்குப்பிள்ளைத்தனமாக எழுதி வைத்ததால்தான் நமக்கு ஏதாவது கிடைக்கிறது. பட்டியல்களைப் பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஏற்றியிருக்கிறார்கள், சரி. கண்டுபிடிக்க வேண்டுமே! என் பிழைப்பே அடுத்தவர்களின் கந்தல் தரவுகளைச் சுத்தம் செய்வதுதான். ஆனாலும் இதில் திணறிப் போனேன். தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியது அது. குப்பனை எடுத்துக்கொள்ளுங்கள், கே-யிலும் வருவார், சி-யிலும் வருவார். அமெரிக்காவில் பெயர் தேடப் பயன்படும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே நம் குப்பன் அதற்கு இரண்டு ஆள். தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் கோவெண்டர் ஆனதும், முனுசாமி மூன்சாமி ஆனதும் இப்படித்தான். ஊர்ப் பெயருக்கு இன்னும் மோசம். போதாக்குறைக்கு, நம் ஜில்லாவையே பலமுறை வெட்டிவிட்டார்கள். 1911இல் சித்தூர் பிரிந்தது, 1989இல் திருவண்ணாமலை, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். அன்றைய வட ஆற்காட்டை மனதில் வைத்துத் தேட வேண்டும்.

ஒலியை வைத்துப் பொருத்த நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஓட்டனின் பெயரில் முதலில் நாற்பதுக்கு மேல் ஆட்கள். தகப்பன் பெயரைச் சேர்த்ததும் ஆறு. தாலுக்காவைச் சேர்த்ததும் இரண்டு. அதில் ஒருவருக்கு வயது நாற்பது. மிஞ்சியவருக்கு இருபத்திரண்டு, ஊர்ப் பெயரில் இரண்டெழுத்து மாறியிருந்தது. 1895. கூடவே போனவர்கள் யாருமில்லை.

எண் கிடைத்துவிட்டால் மற்றது சுலபம். கூலிகளின் விவகாரங்களைக் கவனிக்கக் காப்பாளர் என்று ஓர் அதிகாரி உண்டு. முதலாளி மாறினாலும், ஓடிப்போனாலும், செத்தாலும் அந்த எண்ணின் கீழ்தான் பதிவு. பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் ஆவணக் காப்பகங்களில் அந்தக் கோப்புகள் இருக்கின்றன. அங்கே எனக்கு உதவியவரும் ஓட்டப்பாட்டன் பெயரைக் கப்பல் பட்டியலில் தேடிக் கண்டுபிடித்தவர்தான். தமிழ் பேசத் தெரியாது. மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போவாராம். ஒரு வியாழக்கிழமை, அலுவலகக் கூட்டத்தின் நடுவில், அவர் அனுப்பிய படம் கைபேசியில் வந்து விழுந்தது.

டர்பனுக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு கரும்புத் தோட்டம். 1897. சீதபேதி. வயது 24. ஒரே வரி.

கூட்டத்தில் யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். மன்னிக்கவும், மறுபடி சொல்லுங்கள் என்றேன்.

இரண்டு கதைகளும் அந்த ஒரு வரியில் செத்துப்போயின. 1913இல் வேலைநிறுத்தம் வந்தபோது அவர் மண்ணுக்குள் போய்ப் பதினாறு வருடம். இன்னொருத்தியைச் சேர்த்துக்கொள்ள, தோட்டம் வாங்க, ஊரை மறக்க, எதற்கும் நேரமே இருந்திருக்காது. தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் சிறைக் காய்ச்சலில் இறந்தாள். காந்தி எழுதினார், ஊரே அறிந்தது. போராட்டத்துக்கு முன்னால், வெறும் வயிற்றுப்போக்கில் செத்தவர்களுக்கு ஒரு வரி. அந்த வரியும் வாலாஜாவுக்கு வரவில்லை. சுகர் லேண்டின் கைதிகளையும் நேட்டாலின் கூலிகளையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவர் காலில் சங்கிலி, இன்னொருவர் கையில் கைநாட்டு வைத்த ஒப்பந்தம். ஆனால் சாவை முதலாளிக்கும் அரசுக்கும் மட்டும் தெரிவித்தால் போதும் என்று நினைத்ததில் இரண்டு இடமும் ஒன்றுதான்.

அத்தைக்குச் சொல்லலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எண்பத்தேழு வயது. பாட்டி ஐம்பத்து நான்கு வருடம் வீணாகக் காத்திருந்தாள் என்றா சொல்வது? கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். மொத்தமும் கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப கெழவிக்கு என்ன வயசு?"

"இருபத்துமூணு இருக்கும் அத்தை."

"நல்ல வேள, கடுதாசி வரல கண்ணு."

எனக்குப் புரியவில்லை.

"வந்திருந்தா? இருபத்துமூணு வயசுல வளையல ஒடச்சி மூலையில ஒக்கார வெச்சிருப்பாங்க. ஒரு கல்யாணத்துக்குப் போவ முடியுமா? எங்க அம்மாவுக்கு வளைகாப்புல மொத வளையல் அந்தக் கெழவிதான் போட்டுச்சி. எனக்குத் தலை பின்னிப் பூ வெச்சி உட்டதும் அதுதான். ஊரு பேசிச்சி, பேசட்டும். பூவு இருந்துச்சில்ல?"

இதை நான் எந்தப் பதிவேட்டிலும் கண்டுபிடித்திருக்க முடியாது. காப்பாளர் அலுவலகத்தின் அலட்சியத்தைப் பற்றி மனதுக்குள் நான் எழுதி வைத்திருந்த கோபமான பத்தி ஒன்று அப்படியே நின்றுபோனது. அலட்சியம் அலட்சியம்தான். ஆனால் அதன் நிழலில் ஒருத்தி பூ வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இத்தனை வருடமும் ஆடி அமாவாசையன்று பொதுவாகத்தான் அவருக்கும் படைத்துவந்தார்களாம். தேதியை எழுதிக்கொண்டார், திதியை ஐயரிடம் கேட்டு இந்த வருடம் தனியாகச் செய்யச் சொல்கிறேன் என்றார். பாட்டியைப் பற்றி மற்றவர்களிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அது சுமங்கலியாகவே இருக்கட்டும் என்றார். சரி என்றேன். இங்கே எழுதுவதற்கு அவரிடம் தனியாக அனுமதி வாங்கினேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இல்லாமல் எழுது என்று சொல்லிவிட்டார்.

வைக்கப் போகும்போதுதான் கேட்டார்.

"அதுல போட்டோ கீட்டோ எதுனா கீதா?"

"இல்ல அத்தை. உயரம் மட்டும் போட்டிருக்கு. அஞ்சடி மூணு அங்குலம்."

"ஒங்கப்பன் மாதிரி குள்ளந்தான்னு சொல்லு" என்று சிரித்தார்.