முத்துத் தோடு (மன்னார்க் கரை)

முத்துத் தோடு, பொன்னில் முத்துப் பொருத்திக் காது மடலில் அணியும் நகை. மன்னார்க் கரையிலுள்ள வங்காலைக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு எதிரேயுள்ள கடலடிப் பார்களிலிருந்தே ஒரு காலத்தில் இதற்கான முத்து வந்தது. 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் (முத்துக்குளிப்பில்) 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குப் போயின; சிப்பி அற்றுப்போகக் கம்பனியும் நிலைக்கவில்லை. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வளர்ப்பு முத்துகள். அவை போலி அல்ல. கருவை வைப்பது மனிதக் கை. மேலே பூசுவது சிப்பிதான். தூத்துக்குடியில் 1973 இல் இம்முறை கைகூடியது.

சலாபத்து வணிகர் முத்தைத் துளையிட்ட பத்துப் பித்தளைத் தட்டுகளில் சலித்து அளவு பிரித்தனர். மஞ்சாடி எடையில் நிறுத்தனர். உருட்சியும் ஒளியும் குறையாதது ஆணி. அவ்விரண்டில் ஒன்று சற்றே குறைந்தது அணதாரி. முத்தைத் தெரிவு செய்ய உருட்சி, ஒளி என்ற இந்த இரண்டு அளவுகோலே இன்றும் போதும். ஆனால் தோட்டுக்கு வேண்டியது ஒரு முத்தல்ல, சோடி. இரண்டையும் வெள்ளைத் துணியில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடை விளக்கு எந்த முத்தையும் அழகாக்கிவிடும். பல்லில் மெல்லத் தேய்த்தால் முத்து நறநறக்கும், பிளாஸ்டிக் வழுக்கும்.

முத்தைவிடச் சுரையே (தோட்டின் பின்புறத் திருகே) முக்கியம் என்பது இக்கட்டுரையின் கருத்து. தொலையும் தோடுகளில் பல, புரி தேய்ந்த சுரையால் தொலைகின்றன. சுரை இரண்டு மூன்று சுற்றாவது இறுகிப் பிடிக்க வேண்டும். முத்தை விரலால் திருப்பிப் பார்க்கையில் அது சுழன்றால் பசை விட்டிருக்கிறது, வாங்கக் கூடாது. வங்காலை புனித ஆனாள் திருநாளுக்குச் சிமிக்கி பொருந்தும். நாளாந்தம் அணிய, மடலை இழுக்காத சிறு தோடே நல்லது. கவரிங் தோட்டில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குக் காது புண்ணாகும்.

22 கரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு பொன். ஐயமிருந்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் தரம் சோதிக்கலாம். பற்றுச்சீட்டில் கரட்டும் நிறையும் தனித்தனியே இருக்க வேண்டும். முத்தின் நிறையைக் கழித்த பிறகே பொன்னுக்கு விலை போடச் சொல்லுங்கள். திரும்ப விற்கப் போகும்போது கடைக்காரர் பெரும்பாலும் பொன்னை மட்டுமே நிறுப்பார்.