சிறுவடிவக் கணிப்பொறியில் வண்ணத்திரை: மக்கின்டாஷ் எஸ்இ/30 – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பழைய கணிப்பொறியின் ஆற்றலை அதன் திரையைக் கொண்டே மதிப்பிட்டுவிட இயலாது. ஆப்பிள் நிறுவனம் 1989 சனவரியில் வெளியிட்ட மக்கின்டாஷ் எஸ்இ/30 இதற்குத் தக்க சான்று. திரையும் கணிப்பொறியும் ஒரே பெட்டியில் அமைந்த இக்கருவி 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையுடன் விற்பனைக்கு வந்தது. அதில் வண்ணத்திரையை இணைக்க இயன்றதன் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

நினைவகமும் வண்ணமும்

1984இல் வெளிவந்த முதல் மக்கின்டாஷின் திரை 512×342 படப்புள்ளிகளைக் கொண்டது. புள்ளிக்கு ஒரு பிட் என்ற கணக்கில் திரைக்கு 21,888 பைட்டுகள் தேவைப்பட்டன. இது 128 கிலோபைட் நினைவகத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 256 வண்ணங்களைக் காட்டப் புள்ளிக்கு 8 பிட்டுகள் வேண்டும். அதற்குரிய 1,75,104 பைட்டுகள் மொத்த நினைவகத்தையும் விஞ்சியவை. ஆகவே அன்றைய சூழலில் கறுப்பு வெள்ளை தவிர்க்க இயலாததாயிற்று. எனினும் பில் அட்கின்சன் உருவாக்கிய குவிக்டிரா என்னும் வரைகலை நிரலில் எட்டு வண்ணங்களுக்கு இடம் இருந்தது. திரையில் புலப்படாத அவை, இமேஜ்ரைட்டர் 2 அச்சுப்பொறியின் வண்ண நாடா வழியே தாளில் வெளிப்பட்டன.

எஸ்இ/30இன் தனித்தன்மை

1987இல் மக்கின்டாஷ் 2 உடன் கலர் குவிக்டிரா அறிமுகமாயிற்று. அது இயங்க 68020 அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். அதே ஆண்டில் வெளிவந்த மக்கின்டாஷ் எஸ்இ 68000 செயலியைக் கொண்டிருந்ததால் அவ்வாய்ப்பைப் பெறவில்லை. எஸ்இ/30 பெற்றதோ 68030 செயலி; அதன் ரோம் நினைவகத்திலேயே கலர் குவிக்டிரா இடம்பெற்றிருந்தது. குறையாக நின்றது வண்ணத்தை வெளிப்படுத்தும் மின்சுற்று மட்டுமே.

அக்குறையை விரிவாக்கச் செருகுவாயில் பொருத்தப்பட்ட வண்ண அட்டைகள் நிறைவு செய்தன. தமக்கெனத் தனி நினைவகம் கொண்ட அவை புறத்திரை ஒன்றை இயக்கின. இயக்கமுறைமை இரு திரைகளையும் ஒரே பணிப்பரப்பாகக் கருதியது. இரண்டிலும் பரவிய ஒரு சாளரத்தின் ஒரு பாதி கறுப்பு வெள்ளையிலும் மறுபாதி வண்ணத்திலும் தோன்றும். மைக்ரான் நிறுவனத்தின் எக்சீட் அட்டை, துணைக்கருவி ஒன்றின் உதவியால், உள்திரையிலேயே சாம்பல்நிறச் சாயல்களைக் காட்டியது. ஒற்றை ஒளிர்பூச்சு கொண்ட அப்படக்குழாயில் அதற்கு மேல் வண்ணம் பெற வழியில்லை. செருகுவாய் ஒன்றே என்பதால், வண்ண அட்டையா வலையமைப்பு அட்டையா எனப் பயனர் தேர்ந்துகொள்ளவும் நேர்ந்தது.

முடிவுரை

உள்ளமைந்த வண்ணத்திரையுடைய சிறுவடிவ மக்கின்டாஷை ஆப்பிள் நிறுவனம் 1993இல்தான், கலர் கிளாசிக் என்னும் பெயரில், வெளியிட்டது. எஸ்இ/30 பயனர்கள் அதற்கு முன்பே வண்ணத்தில் பணியாற்ற முடிந்தது. காப்பகங்கள் இக்கருவியைக் கறுப்பு வெள்ளைக் கணிப்பொறி என்று மட்டும் பதிவு செய்தால் இவ்வரலாறு விடுபட்டுப்போகும். ஆதலின் பெட்டிக்குள் இருக்கும் அட்டையையும் அதனுடன் இணைந்த புறத்திரையையும் சேர்த்தே ஆவணப்படுத்துதல் வேண்டும்.